ஏலத்தை ஏலம் விடும் ஊரிலிருந்து: கடைக்குள் புழங்கும் ஆங்கிலச் சொற்களின் கதை

ஏலத்தை ஏலம் விடுகிற ஊர் நம் போடிநாயக்கனூர். முதல் ஏலம் மலையில் விளைவது. இரண்டாவது ஏலம் விலை கேட்பது. எழுத்திலும் ஒலியிலும் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டுக்கும் எள்ளளவும் உறவு கிடையாது என்று சொன்னால் நம் வியாபாரப் பெருமக்களில் பலர் வியப்படையலாம்.

மலையில் விளையும் ஏலம் நம் சொந்தச் சொல். விலை கேட்கும் ஏலமோ கப்பலில் வந்தது. போர்ச்சுக்கீசிய மொழியில் ஏலத்துக்கு 'லெய்லாவ்' என்று பெயர். அதையும் அவர்கள் 'அறிவிப்பு' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். 1498-இல் கோழிக்கோட்டில் வந்திறங்கிய போர்ச்சுக்கீசியர் பின்னர் விட்டுச் சென்ற சொற்களில் அதுவும் ஒன்று. சாவி, அலமாரி, ஜன்னல், மேஜை ஆகியவையும் அந்த வழியாக வந்தவையே.

இந்தக் கட்டுரை எழுதக் காரணம் ஒரு செல்போன் செய்தி. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிலமலையில் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வாரக் கணக்குப் பார்த்துக் கொண்டிருந்தோம். கல்லூரியில் வணிகவியல் படிக்கும் அண்ணன் பேரன் வந்து, "தாத்தா, கேஷ் என்பதே நம் காசு என்ற சொல்தானாம். இங்கிலீஷ்காரன் நம்மிடம் கடன் வாங்கியதாம். செல்போனில் வந்திருக்கிறது" என்றான். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தராசு பிடித்த கை ஆயிற்றே! எந்தச் சரக்கையும் எடை போடாமல் வாங்கிப் பழக்கமில்லை. "விசாரித்துச் சொல்கிறோம் தம்பி" என்று சொல்லிவிட்டு, இரண்டு மூன்று அகராதிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதில் கிடைத்ததை நம் வணிகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

கல்லாவும் கேஷும்

முதலில் பேரன் கேட்ட கேள்விக்குப் பதில். செய்தி பாதி சரி, பாதி தவறு. ஆங்கில அகராதியில் 'கேஷ்' என்று இரண்டு தனித்தனிச் சொற்கள் உள்ளன.

ஒன்று, நாம் தினமும் சொல்லும் ரொக்கம். இது லத்தீன் மொழியில் பெட்டி என்று பொருள்படும் 'காப்ஸா' என்ற சொல்லிலிருந்து இத்தாலி, பிரான்சு நாட்டு மொழிகளின் வழியாக வந்தது. முதலில் பெட்டிக்குப் பெயராக இருந்து, பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கே பெயராகிவிட்டது. மற்றொன்று, தென்னாட்டிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயங்களுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர். இதுதான் நம் காசு. போர்ச்சுக்கீசியர் வாயில் 'கைஷா' ஆகி, ஆங்கிலேயர் வாயில் 'கேஷ்' ஆயிற்று. இரண்டு சொற்களும் கடைசியில் ஒரே எழுத்தில் வந்து நின்றதால் வந்த குழப்பம் இது. நம் ஊரில் இரண்டு ஏலமும் ஒன்றாகத் தெரிவது போலத்தான்.

இதில் ரசிக்க ஒன்று உண்டு. "இன்றைக்குக் கல்லா எவ்வளவு?" என்று நாமும் கேட்கிறோம். கல்லா என்பது பணம் போடும் பெட்டி. வடக்கேயிருந்து வந்த சொல். நாம் கேட்பது பெட்டியை அல்ல, அன்றைய வசூலை. பெட்டியின் பெயரைப் பணத்துக்கு வைப்பது எந்த ஊர் வியாபாரிக்கும் பொதுவான பழக்கம் போலும்!

மளிகைக்காரரின் பூர்வீகம்

மளிகைக் கடைக்காரரை ஆங்கிலத்தில் 'கிராசர்' என்கிறார்கள். இன்று அது சில்லறைக் கடைக்காரரைக் குறிக்கும் சொல். ஆனால் பூர்வீகத்தில் அது மொத்த வியாபாரியின் பெயர். 'கிராஸ்' என்றால் மொத்தம். மொத்தமாக வாங்கி மொத்தமாக விற்பவர் 'கிராசர்'. லண்டனில் கிராசர்களின் சங்கம் 1345-இல் உருவானது. அதற்கு முன் அவர்கள் மிளகு வியாபாரிகளின் சங்கமாக இருந்தவர்கள். அந்தச் சங்கத்தைப் பற்றி 1180-ஆம் ஆண்டிலேயே குறிப்பு கிடைக்கிறது. ஆகவே இன்று உலகம் முழுவதும் உள்ள மளிகைக்காரர்களின் ஆங்கிலப் பெயருக்கு மூலம், நம் மலைத்தொடரில் விளைந்த சரக்கை மொத்தமாக விற்றவர்கள்.

சில்லறை வியாபாரத்தை 'ரீடெயில்' என்கிறோம். வெட்டித் துண்டாக்குதல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. முழுத் துணியையோ முழு மூட்டையையோ துண்டு துண்டாக்கி விற்பது. நம் 'சில்லறை'யிலும் சில்லு சில்லாக்குவது என்ற எண்ணமே தொனிக்கிறது.

மிளகின் பெயர்களைக் கேளுங்கள். 'பெப்பர்' என்ற சொல் கிரேக்கம், லத்தீன் வழியாகப் போனது. மூலம் வடமொழியின் 'பிப்பலி', அதாவது நம் திப்பிலி! திப்பிலியின் பெயர்ச் சீட்டை மிளகு மூட்டையில் ஒட்டி அனுப்பியது போல ஆகிவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளாக யாரும் அதைப் பிரித்து ஒட்டவில்லை. 'ஜிஞ்சர்' நம் இஞ்சியோடு வேர் சேர்ந்த 'இஞ்சிவேர்' என்பதிலிருந்து தோன்றியது என்று மொழியறிஞர்கள் கருதுகிறார்கள். 'முலிகாடானி' என்று வெள்ளைக்காரர்கள் குடித்த சூப்பு, நம் மிளகுத்தண்ணியே.

ஏலக்காயின் ஆங்கிலப் பெயரான 'கார்டமம்' கிரேக்க மூலம் உடையது. அதில் நமக்குப் பங்கில்லை. ஆனால் தாவரவியலார் வைத்திருக்கும் 'எலெட்டாரியா' என்ற பெயரில் நம் ஏலம் இருக்கிறது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு என்பவர் மலபார்ச் செடிகொடிகளைப் பற்றி 12 தொகுதிகள் கொண்ட நூலை உருவாக்கினார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அது அச்சானது. அதில் மலையாள வழக்கான 'ஏலத்தரி' இடம்பெற்றது. அங்கிருந்து அது தாவரவியலுக்குப் போயிற்று.

'கார்பிள்' தந்த பாடம்

இனி நம் சொந்த அனுபவம் ஒன்று. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அப்பாவுடன் கடையில் உட்கார்ந்த புதிது. ஆங்கிலக் கடிதங்களைப் படித்துப் பதில் எழுதும் வேலை நம்முடையது. கடையிலேயே இங்கிலீஷ் படித்தவர் நாம்தான் என்ற மிதப்பும் இருந்தது.

ஒருநாள் வடக்கேயிருந்து ஒரு வியாபாரி மிளகு கேட்டு எழுதியிருந்தார். 'அன்கார்பிள்டு' மிளகு வேண்டும் என்று ஒரு சொல். அதன் விலையும் குறிப்பிட்டிருந்தது. கையடக்க அகராதியைப் புரட்டினோம். 'கார்பிள்' என்றால் செய்தியைக் குழப்பிச் சொல்லுதல் என்று இருந்தது. அப்படியானால் 'அன்கார்பிள்டு' என்றால் குழப்பம் இல்லாதது, கலப்பு இல்லாதது, சுத்தமானது என்று நாமே முடிவு கட்டினோம். ஆட்களை வைத்து மிளகைச் சலித்து, சொளகில் புடைத்து, பொக்கும் காம்பும் தூசியும் போக்கி, மணி மணியாக அனுப்பி வைத்தோம். மூட்டைக்கு மூட்டை கழிவு போயிற்று, கூலியும் போயிற்று.

சரக்கு சேர்ந்தது என்று பதில் வந்தது. பணமும் சொன்னபடி வந்தது. அதன் பிறகுதான் கொச்சி மார்க்கெட் பழக்கமுள்ள ஒரு பெரியவர் விளக்கினார். மிளகு வியாபாரத்தில் 'கார்பிள்டு' என்றால் சலித்துச் சுத்தம் செய்தது. 'அன்கார்பிள்டு' என்றால் சலிக்காதது, களத்திலிருந்து வந்தபடியே உள்ளது. அதற்கு விலை குறைவு. நாம் சலித்த மிளகைச் சலிக்காத மிளகின் விலைக்குக் கொடுத்துவிட்டோம். வாங்கியவர் மேல் குற்றம் எதுவும் இல்லை. அவர் கேட்டது ஒன்று, நாம் கொடுத்தது ஒன்று.

அகராதி பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லின் கதை அப்படி. அரபு மொழியில் 'கர்பலா' என்றால் சல்லடையில் சலித்தல். மத்தியதரைக் கடல் வியாபாரிகள் வழியாக அது ஆங்கிலத்துக்குப் போயிற்று. லண்டனுக்கு வரும் நறுமணச் சரக்குகளைச் சோதித்துச் சலித்துப் பார்க்க 'கார்பிளர்' என்ற அதிகாரியே இருந்தார். பிறகு, செய்தியிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துத் திரித்துச் சொல்பவனுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். நாளடைவில் குழப்பிச் சொல்லுதல் என்றே பொருள் மாறிவிட்டது. வெளி உலகில் பொருள் தலைகீழாகப் போன பிறகும், மிளகு மண்டியில் மட்டும் பழைய பொருள் அப்படியே நின்றது. இன்றும் நிற்கிறது.

அப்பா நம்மைத் திட்டவில்லை. கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, அந்த நஷ்டத்தைப் பேரேட்டில் 'படிப்புச் செலவு' என்று பற்று எழுதச் சொன்னார். அவ்வளவுதான்.

குச்சியில் எழுதிய கணக்கு

'ஸ்டாக் எவ்வளவு இருக்கிறது?' என்று கேட்காத கடை உண்டா? 'ஸ்டாக்' என்றால் பூர்வீகத்தில் மரத்தின் அடிக்கட்டை. இங்கிலாந்தில் பழைய காலத்தில் கடன் கணக்கைக் குச்சியில் வெட்டுப் போட்டு வைத்தார்கள். பெருந்தொகைக்கு அகல வெட்டு, சிறு தொகைக்கு மெல்லிய வெட்டு. பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வார்கள். பணம் கொடுத்தவரிடம் இருக்கும் பெரிய பாதி 'ஸ்டாக்'. வாங்கியவரிடம் இருப்பது 'பாயில்'. கணக்குத் தீர்க்கும்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். யாரும் தனியாக ஒரு வெட்டைக் கூட்டிவிட முடியாது. நாம் இன்று ரசீதுப் புத்தகத்தில் வைத்திருக்கும் 'கவுண்டர்பாயில்' அந்தப் பாயிலின் வாரிசு. குச்சிக்கு 'டாலி' என்று பெயர். கணக்கு 'டாலி' ஆகிறதா என்று கேட்கிறோமே, அதுவே.

அந்த அரசாங்கம் 1826 வரை குச்சிக் கணக்கை வைத்திருந்தது. வேண்டாத பழைய குச்சிகளை 1834-இல் பாராளுமன்றக் கட்டட அடுப்பில் போட்டு எரித்தபோது, தீ பரவிப் பாராளுமன்றமே எரிந்து போயிற்று. பழைய கணக்கை அழிக்கும்போதும் கவனம் வேண்டும்!

'பேங்க்' என்பது இத்தாலியில் பணம் மாற்றுபவர் உட்கார்ந்து தொழில் செய்த பலகை. 'பேங்க்ரப்ட்' என்பது உடைந்த பலகை. நாம் மஞ்சள் கடுதாசி என்கிறோம். அவர்கள் உடைந்த பலகை என்கிறார்கள். இரண்டில் எதுவும் நம் வணிகர் யாருக்கும் வர வேண்டாம். 'செக்' என்ற சொல் சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைக்கும் 'செக்'கிலிருந்து வந்தது. மூலம் அரசன் என்று பொருள்படும் பாரசீகச் சொல் 'ஷா'. தடுப்பது, பிறகு சரிபார்ப்பது, பிறகு மோசடி நடக்காமல் சரிபார்க்க வைத்த அடிச்சீட்டு, கடைசியில் காசோலை என்று பொருள் நகர்ந்தது.

போனதும் வந்ததும்

சொற்களில் ஏற்றுமதியும் உண்டு, இறக்குமதியும் உண்டு. கோணி இங்கிருந்து போய் 'கன்னி' ஆயிற்று. 'கன்னி பேக்' என்று பில்லில் எழுதுகிறோம். சாக்கு ஐரோப்பியரிடமிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்துக் கோணிச்சாக்கு என்று தைத்துவிட்டோம். நம் கிடங்கு என்ற சொல், மலாய் நாட்டில் 'குடாங்' ஆகி, ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆகி, திரும்ப நம்மிடம் 'குடோன்' என்று வந்து நிற்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. நம் பிள்ளை வெளிநாடு போய்ப் பேண்ட் போட்டுத் திரும்பி வந்தால் அடையாளம் தெரியாமல் போவதில்லையா, அது போல. இத்தகைய சொற்களையெல்லாம் யூல், பர்னெல் என்ற இருவர் திரட்டி 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதியாக்கினார்கள். அது 1886-இல் வெளிவந்தது. பர்னெல் சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்தவர்.

எடைகளும் பயணம் போயின. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு கண்டி என்பது சென்னை மாகாணக் கணக்கு. வீசை சுமார் 1.4 கிலோ. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்த பின்னும், நம் வீட்டுப் பெரியவர்கள் வீசையிலேயே பேசிக் கொண்டிருந்தது நினைவிருக்கிறது. இங்கே மறைந்த வீசை பர்மாவில் மறையவில்லை. அங்கு வழங்கும் எடையை ஆங்கிலத்தில் 'விஸ்' என்றே எழுதுகிறார்கள். அது சுமார் 1.63 கிலோ.

அரபு, பாரசீகம் நமக்குத் தந்ததையும் மறக்கக் கூடாது. அசல், நகல், பாக்கி, வசூல், ரசீது, குமாஸ்தா எல்லாம் அந்த வழி வந்தவை. இவற்றை எடுத்துவிட்டால் ஒரு நாள் கணக்குக்கூட எழுத முடியாது.

மிளகு வாடகையும் பதிமூன்று ரொட்டியும்

சொற்றொடர்களில் நம் சரக்கு சம்பந்தப்பட்டது 'பெப்பர்கார்ன் ரெண்ட்'. ஒரு மிளகு வாடகை என்று பொருள். பெயரளவுக்கு வாங்கும் வாடகைக்கு இப்படிச் சொல்வார்கள். பிரதிபலன் இல்லாமல் ஒப்பந்தம் செல்லாது என்பது பொது விதி. நம் நாட்டு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் சில விலக்குகளோடு அதையே சொல்கிறது. ஆகவே ஒரு மிளகாவது வாங்கிக்கொண்டு பத்திரத்தைச் செல்லுபடி ஆக்கினார்கள். பெர்முடா தீவில் ஒரு சங்கம் தன் கட்டடத்துக்காக ஆண்டுக்கு ஒரு மிளகு வாடகை கொடுப்பதை இன்றும் விழாவாக நடத்துகிறது. அதே மிளகை கி.பி. 408-இல் ரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக், விலகிப் போவதற்கு 3,000 பவுண்டு கேட்டான். சரக்கு ஒன்றுதான், காலம் விலையை மாற்றுகிறது. மிளகு, ஏலக்காய் வியாபாரிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

'பேக்கர்ஸ் டசன்' என்றால் பதிமூன்று. இங்கிலாந்தில் எடை குறைந்த ரொட்டி விற்றவர்களுக்கு 13-ஆம் நூற்றாண்டிலேயே கடுமையான தண்டனை இருந்தது. அதற்குப் பயந்து டசனுக்கு ஒன்று கூடுதலாகப் போட்டார்கள் என்பது பரவலான விளக்கம். நாம் கொசுறு போடுவது பயத்தால் அல்ல, வாடிக்கையாளர் மறுபடி வர வேண்டும் என்பதற்காக.

'சேலரி' என்ற சொல்லுக்குள் லத்தீன் மொழியின் உப்பு இருப்பது உண்மை. ஆனால் ரோமாபுரிச் சிப்பாய்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள் என்ற கதைக்குச் சரியான ஆதாரம் இல்லை. நம் 'சம்பளம்' என்பதையும் சம்பா நெல்லும் உப்பளத்து உப்பும் என்று பிரித்துச் சொல்வோர் உண்டு. வடமொழியில் 'சம்பலம்' என்றால் வழிப்பயணத்துக்குக் கட்டிக் கொடுக்கும் உணவு. அதிலிருந்து வந்தது என்போரும் உண்டு.

கலப்படச் சொற்கள்

சரக்கில் கலப்படம் வருவது போலச் சொல்லின் கதையிலும் கலப்படம் வருகிறது. 'நியூஸ்' என்பது நான்கு திசைகளின் முதல் எழுத்துகள் என்று செல்போனில் வரும். தவறு, புதியது என்ற சொல்லின் பன்மை அது. 'டிப்ஸ்' என்பது மூன்று சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்று வரும். அதுவும் தவறு. அரிசியிலிருந்துதான் 'ரைஸ்' வந்தது என்பார்கள். அதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. தீர்ந்த கணக்கு அல்ல. கட்டுமரம், வெற்றிலை, சுருட்டு, மாங்காய் என்று நாம் உண்மையாகக் கொடுத்த சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளமாக இருக்கும்போது, கொடுக்காததையும் நம் பற்றில் எழுதிக்கொள்வானேன்? தராசில் விரல் வைக்காத வியாபாரி சொல்லிலும் விரல் வைக்க வேண்டாம்.

இதெல்லாம் பொழுதுபோக்கு மட்டும்தானா என்று கேட்கலாம். இல்லை. நம் பில்களின் அடியில் 'இ. அண்டு ஓ. இ.' என்று அச்சடித்திருக்கிறோம். 'பிழையும் விடுபாடும் நீங்கலாக' என்பது அதன் விரிவு. தொகை தவறாகக் கூட்டப்பட்டிருந்தால் பின்னர் திருத்திக்கொள்ளும் உரிமையை வைத்துக்கொள்வதற்காக எழுதுவது. 'எக்செப்டெட்' என்பதை 'அக்செப்டெட்' என்று எண்ணி, பிழையை ஏற்றுக்கொள்கிறோம் என்று பொருள் சொன்ன வியாபாரிகளை நாம் நேரில் பார்த்திருக்கிறோம். ஒரே ஒரு ஒலி மாறினால் உரிமை கை மாறிவிடுகிறது.

போடியில் 2007-இல் மின்னணு ஏலம் வந்த பிறகு, வாயால் கேட்ட விலையைக் கணினித் திரையில் கேட்கிறோம். லாட், பிட், சாம்பிள் என்று எல்லாம் ஆங்கிலத்தில்தான். 'லாட்' என்பது பழைய ஆங்கிலத்தில் பங்கு பிரிக்கக் குலுக்கிப் போட்ட கட்டை. பிறகு கிடைத்த பங்கு. பிறகு பங்காக அடுக்கிய சரக்கு. 'ஆக்‌ஷன்' என்பதோ, கூட்டிக்கொண்டே போவது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. விசையைத் தட்டும் இளைஞர்களுக்கு இந்தச் சொற்கள் பழகிவிட்டன. பொருள் பழகியதா என்பதை அவரவர் சோதித்துக்கொள்ள வேண்டும். வங்கிக் கடன் தாள், இன்சூரன்சுத் தாள், கொள்முதல் ஒப்பந்தம் என்று கையெழுத்துக் கேட்டு வரும் காகிதங்களில் புரியாத சொல் ஒன்று இருந்தாலும், "இதற்கு நம் தொழிலில் என்ன பொருள்?" என்று தெரிந்தவரைக் கேட்ட பிறகே பேனாவைத் திறக்க வேண்டும். கேட்பதில் கௌரவக் குறைவு இல்லை. கேட்காமல் போனதால் சலித்த மிளகு போன கதையை மேலே சொல்லிவிட்டோம்.

மூத்த வணிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீசை, மணங்கு போல, துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசிய காலத்துச் சொற்கள் உங்கள் நினைவில் இருக்கும். நமக்குப் பின் அவற்றைச் சொல்ல ஆள் இல்லை. ஒரு தாளில் எழுதி நம் இதழுக்கு அனுப்பி வையுங்கள்.

அண்ணன் பேரனிடம் காசு பற்றிய பதிலைச் சொன்னோம். பாதிதான் உண்மை என்றதும் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். 'கார்பிள்' கதையையும் சொல்லி, பரணில் இருந்த பழைய பேரேட்டை இறக்கி, 'படிப்புச் செலவு' என்று எழுதியிருந்த வரியைக் காட்டினோம். தொகையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவா தாத்தா!" என்றான். அந்தக் காலத்தில் அது பெரிய தொகைதான். அதற்குப் பிறகு அந்தத் தலைப்பில் நம் கடையில் பற்று எழுத வேண்டி வரவில்லை.